சொல்லிட்டுத் திருப்பு

பேரு மூட்டை. வயசு பன்னெண்டு. இருக்கிறது கோடவுனுக்குப் பின்னாடி, மூணாவது மாடியில ஒத்தை ரூம்.

அது வீட்ல வச்ச பேரு இல்ல. அவ அப்பா கோடவுன்ல மூட்டை தூக்கினவரு. ஸ்கூல் பசங்க அந்தப் பேரை அவளுக்கும் ஒட்டிட்டாங்க. அப்பா ஏணியிலேருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ அசைவே இல்லாமப் போயிடுச்சு. பேரு மட்டும் போகல.

அம்மாவுக்கு அதே கோடவுன்ல பேக்கிங் வேலை. அதனால அப்பாவைப் பாத்துக்கறது மூட்டைதான். ஒரே பக்கமாப் படுத்தா முதுகுல இருக்கிற புண்ணு பெருசாயிடும். அடிக்கடி புரட்டிவிடணும். அக்குளுக்கு அடியில ஒரு கை, இடுப்புக்குக் கீழ முட்டி.

"அப்பா, திருப்புறேன்."

அப்பா பல்லைக் கடிச்சு மூச்சைப் பிடிப்பாரு. மூச்சு வெளிய வர்ற வரைக்கும் காத்திருந்துதான் அவ திருப்புவா.

"மெதுவாம்மா. உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு"ன்னு அப்பா சிரிக்கப் பார்ப்பாரு.

அந்தக் கைதான் அவளை ஸ்கூல் குஸ்தி டீமுக்குக் கொண்டுபோச்சு. குப்புறக் கிடக்கிறவளைப் புரட்டி, ரெண்டு தோளும் மெத்தையில படவச்சா ஜெயிச்சாச்சு. மூட்டைக்கு அது தினப்படி வேலை.

ஆனா முதல் போட்டியிலேயே தோத்தா. எதிராளியைப் பிடிச்சதும், பழக்கதோஷம், வாய் தானா "திருப்புறேன்"னு சொல்லிடுச்சு. அந்தப் பொண்ணு உஷாராகி உடும்பு மாதிரி மெத்தையோட ஒட்டிக்கிட்டா. ஹாலே சிரிச்சது.

"ஏண்டி, நீ என்ன பஸ் கண்டக்டரா? சொல்லிட்டுத் திருப்புறே!" கோச் அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "வாயை மூடு. ஜெயிப்பே."

மூடினா. ஜெயிச்சா. அடுத்ததும் ஜெயிச்சா.

அம்மா மட்டும் சிரிக்கல. "பெரிய டீம்ல எடுத்தா போ. இல்லேன்னா இத்தோட நிறுத்திக்கோ. ஸ்கூல் விட்டா நேரா வீடு. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு கண்ணு."

அம்மா சொன்னதுல தப்பே இல்ல. அதுதான் கஷ்டம்.

பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிற கடைசிப் போட்டி அன்னிக்குக் காலையில, மூட்டை மனசு பூரா குஸ்தி மெத்தையில இருந்தது. அப்பா கண்ணை மூடிக் கிடந்தாரு. அவ பாட்டுக்கு, ஒண்ணும் சொல்லாம, பிடிச்சுப் புரட்டிட்டா.

அப்பா அலறினாரு. ரெண்டு கையும் காத்துல எதையோ தேடுச்சு.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." அவர் அவ கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. "மறுபடி விழறேன்னு நெனச்சுட்டேன்."

ரொம்ப நேரம் அவ அப்பா கையை விடல. போட்டிக்குப் போற பஸ்ஸைத்தான் விடப் பார்த்தா.

எதிராளியை எல்லாரும் 'லாரி'ம்பாங்க. எடை ஒண்ணுதான், அகலம் ஜாஸ்தி.

"என்ன மூட்டை, ஏத்திடட்டுமா?"

லாரிதான் பாயிண்ட்ல முன்னாடி இருந்தா. முடியப்போற நேரத்துல மூட்டை அவளைக் குப்புறக் கவுத்தா. கை அக்குளுக்கு அடியில போச்சு. காலையில கேட்ட அலறல் இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது. இனிமே யாரையும் சொல்லாமத் திருப்ப அவளால முடியாது.

"திருப்புறேன்."

கோச் அக்கா கண்ணைப் பொத்திக்கிட்டாங்க. லாரி மூச்சைப் பிடிச்சுக் கல்லா இறுகினா.

மூட்டை அவசரப்படல. அப்பாகிட்ட காத்திருக்கிற மாதிரியே காத்திருந்தா. எவ்ளோ நேரம்தான் மூச்சைப் பிடிக்க முடியும்? புஸ்ஸுன்னு வெளிய வந்தது. உடம்பு தளர்ந்தது. அலுங்காமப் புரட்டினா.

ரெண்டு தோளும் மெத்தையில. விசில்.

"சொல்லிட்டுதானே திருப்பினே?" லாரிக்கு நம்பவே முடியல. "வலிக்கக்கூட இல்லையே!"

"உள்ள கண்ணாடிச் சாமான் இருக்குல்ல"ன்னா மூட்டை.

அடுத்த வாரம் அவ பெரிய டீமோட வெளியூர் போறா. அப்பாவுக்கு முதுகுப் புண்ணு ஆறல. இனி நடக்கமாட்டாருன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. அம்மா வேலைக்குப் போற நேரத்துல, மத்த மாடிக்காரங்க மாத்தி மாத்தி வரேன்னு சொல்லியிருக்காங்க.

இதைப் படிக்கிற நீங்க அதுல ஒருத்தரா இருந்தா, தயவுசெஞ்சு, "திருப்புறேன்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் மூச்சு விடற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் திருப்புங்க.