அப்பா எழுதிய பதினோரு பெயர்கள்

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது பட்டாளத்துக்காரர்கள் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா கோட்டு மட்டும் மாட்டிக்கொண்டார். காலில் வீட்டுச் செருப்பு. அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

எங்கள் வீட்டுக்கு இது புதிதல்ல. தாத்தா மூன்று முறை மந்திரி, இரண்டு முறை கைதி. அப்பாவும் மந்திரிதான். "இந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டா பெட்டியைக் கட்டியே வச்சிருக்கணும்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். இந்த முறை சிரிக்கவில்லை. தினமும் காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வந்து, "எந்தத் தீவுச் சிறையில வச்சிருக்காங்கன்னே சொல்ல மாட்டேங்கிறாங்க, இஸ்மினி" என்பாள்.

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் மேஜைக்கு அடியில் பதினோரு நீள மெழுகுவத்திகள் இருந்தன. ஊரில் அவருக்குப் பதினோரு ஞானப்பிள்ளைகள்; ஞானஸ்நானத்தின்போது அவர் கையில் ஏந்திப் பெயர் வைத்தவர்கள். ஈஸ்டருக்கு ஞானத்தந்தைதான் மெழுகுவத்தி வாங்கித் தர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டி, பிள்ளையின் பெயரைத் தன் கோணல் கையெழுத்தில் அப்பா எழுதி வைத்திருந்தார்.

என்னுடைய ஞானத்தந்தை அப்பாவின் கட்சிக்காரர். இந்த வருடம் அவர் வரவேயில்லை. எங்கள் வாசல் வந்ததும் எதிர்ப்பக்கம் போய் நடந்தார். அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் பதினோரு மெழுகுவத்திகளையும் துணிக்கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டு கிளம்பினேன்.

சிலர் வாங்கிக்கொண்டு சட்டென்று கதவைச் சாத்தினார்கள். ஓர் அக்கா மட்டும் என் தலையைத் தடவினாள். பத்து கொடுத்தாயிற்று. கடைசி, செருப்புத் தைக்கும் ஸ்தாமோஸ் மாமா வீடு.

அவர் மகனுக்கு அப்பா தன் பெயரையே வைத்திருந்தார். லேயாண்ட்ரோஸ்! போன வாரம்வரை ஸ்தாமோஸ் மாமா தெருவுக்கே கேட்கும்படி அவனை அப்படித்தான் கூப்பிடுவார். "மந்திரி பேராக்கும்!" என்று மீசையை முறுக்குவார். இப்போதெல்லாம் "டேய் பொடியா"தான்.

"எடுத்துட்டுப் போம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "உங்கப்பா ஓட்டுக்காகத்தானே குடுத்தாரு?"

"இனிமே தேர்தலே கிடையாதுன்னுட்டாங்களே, மாமா. அப்புறம் ஓட்டு எங்கேருந்து வரும்?"

அவர் சுத்தியலை ஓங்கினார். ஆணிக்குப் பதில் விரலில் அடித்துக்கொண்டார்.

"போம்மா, போ. நானும் புள்ளகுட்டிக்காரன்."

அந்த ஒரு மெழுகுவத்தியோடு வீட்டுக்கு வந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்தச் சீட்டில் அப்பாவின் கையெழுத்தில் அப்பாவின் பெயர். நானே வைத்துக்கொள்ளலாம் என்று மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாள் மதியம், பின்பக்கச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. லேயாண்ட்ரோஸ்! ஏழு வயது, முன்பல் கிடையாது.

"என் மெழுகுவத்தி எங்க?"

"உங்கப்பா வேணாம்னுட்டாரே."

"அவர்தானே வேணாம்னாரு? நான் சொன்னேனா?"

எனக்குக் கொடுக்க மனமே இல்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? ஆனால் அவன் சுவரில் தொங்கியபடி ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே போய் எடுத்து வந்தேன். கொடுக்கும்போது அழுதுவிட்டேன்.

"ஏன் அழற?"

"அது... எங்கப்பா எழுதினது."

அவன் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சீட்டை மட்டும் பிய்த்து என்னிடம் நீட்டினான்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. என் பேரு எனக்குத் தெரியும்."

அவன் குதித்து ஓடினான். தெருவிலிருந்து ஸ்தாமோஸ் மாமாவின் குரல் கேட்டது.

"டேய் பொடியா! எங்கடா போன?"

"நான் பொடியன் இல்ல!" என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். "என் பேரு லேயாண்ட்ரோஸ்! லேயாண்ட்ரோஸ்!"

மாடியில் அம்மா ஜன்னலுக்கு ஓடி வந்தாள். எட்டு நாளைக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒருவன் அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டான்.