இருட்டிய பிறகு பார்த்த வீடு

எதிர்ப்பக்கம் தள்ளியிருந்த வீட்டின் விளக்கு அணைந்த விதம் யோகமலருக்குப் பிடிக்கவில்லை.

படுக்கப் போகிறவர்கள் அப்படி அணைப்பதில்லை. முதலில் கீழறை, பிறகு படிக்கட்டு, பிறகு மேலறை என்று ஒவ்வொன்றாகப் போகும். நடுவில் யாராவது தண்ணீர் குடிக்க இறங்கினால் குசினியில் மறுபடி எரியும். இது மேலும் கீழும் ஒரே மூச்சில் போனது, தொலைக்காட்சியின் நீல வெளிச்சத்தையும் சேர்த்துக்கொண்டு. படுக்கிற நேரமும் இல்லை. மார்கழி மாதம், மாலை நான்குக்கே இருட்டிவிடும் ஊர், பள்ளிப் பிள்ளைகள் இன்னும் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கிற பொழுதுதான்.

அவள் வெறும் வீடொன்றின் முன்னறையில், ஹீற்றருக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தாள். லண்டன் செவன் கிங்ஸில் விற்பனைக்கு வந்திருக்கும் வீடு. சொந்தக்காரர் யேசுரட்ணம் அவளுடைய கணவர் செல்வரத்தினத்தோடு முன்பு வேலை செய்தவர். குரோய்டன் பக்கம் போய்விட்டார். ஏஜென்ற் வேண்டாம், அவசரமில்லாமல் ஆறுதலாகப் பாருங்கள் என்று வாசல் பூட்டின் திறப்பைக் கையிலேயே தந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் லண்டனில் வீடு வாங்கினால் குசினியைப் பகலில் பார்ப்பார்கள், றோட்டை இருட்டிய பிறகு பார்ப்பார்கள். செல்வரத்தினம் இதில் பெரிய விண்ணர். எந்த விளக்குக் கம்பம் எரியவில்லை, எந்த மூலையில் பொடியன்கள் நிற்கிறார்கள், நடைபாதை ஓரம் கார்க் கண்ணாடித் தூள் கிடக்கிறதா என்று ஒரு சுற்று நடப்பார். பிறகு காரை றோட்டு முடிகிற தொங்கலில் நிறுத்தி, உள்ளே பேசாமல் இருந்து பார்ப்பார். யோகமலருக்கு வேறு வேலை.

"நீ வீட்டுக்குள்ள இரு. றோட்டுச் சத்தம் எவ்வளவு கேட்குதெண்டு பார். மேசை கதிரை தளபாடம் இல்லாத வீட்டிலதான் சரியாக் கேட்கும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கேட்டது. ஹீற்றர் குழாய்கள் சூடேறி நெட்டி முறிக்கும் சத்தம். தூரத்தில் ரயில். யாரோ வெங்காயம் பொரிக்கும் மணம் சுவரைத் தாண்டி வந்தது. அதற்குள் பழைய பெயின்ற், ஈரக் கம்பளி. நல்ல றோட்டு என்றுதான் நினைத்தாள். பிறகு, அந்த விளக்கு அணைவதற்குச் சற்று முன், றோட்டின் கீழ்ப்பக்கத்தில் எங்கோ ஒரு கதவில் தட்டும் சத்தம் கேட்டது. முட்டியால் அல்ல, உள்ளங்கையால். மெத்தென்று, சதை மரத்தில் படுகிற சத்தம்.

அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தாள்.

போன மாரிக் குளிரில் அவர்களுடைய பிளேஸ்டோ வீட்டின் கதவில் கேட்டது இதே சத்தம்தான். பெல் பழுதாகிக் கிடந்த காலம். இரவில் தட்டினால் என்ன செய்வது என்று அவளுக்கும் செல்வரத்தினத்துக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில், சண்டைக் காலத்தில், நாய் குரைத்துக் கதவும் தட்டப்பட்டால் விளக்கை நூர்த்துவிட்டு நிலத்தில் இருக்க வேண்டும். ஆர் என்று கேட்கக் கூடாது. மூச்சுக்கூட விடக் கூடாது. அப்படி இருந்துதான் இரண்டு பேரும் உயிர் தப்பினார்கள். அந்தப் பழக்கம் விமானமேறி அவர்களோடு வந்திருந்தது. செல்வரத்தினம் கண்ணைக் காட்டினார். அவள்தான் சுவிட்சை அமத்தி விளக்கை நூர்த்தாள். யது திறப்பு வைத்திருப்பான், யது போன் எடுப்பான், இது யது இல்லை என்று நினைத்தார்கள்.

யதுசன். ஒரே பிள்ளை. ரயில் ஸ்ரேசனடியில் பையைப் பறிக்க வந்தவர்கள் அவனைக் கத்தியால் நெஞ்சுக்குக் கீழே குத்தியிருந்தார்கள். திறப்பும் போனும் பையோடு போய்விட்டன. நுரையீரலில் காயம், கூப்பிடக் குரல் எழுந்திருக்காது என்று பொலிஸ்காரப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். எதிர் வீட்டுக் கமெராவில் எல்லாம் இருந்தது. பிள்ளை முதலில் தட்டியது தன் வீட்டுக் கதவைத்தான். விளக்கு அணைந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பிறகு பக்கத்து வீடு. அதற்குப் பக்கத்து வீடு. றோட்டு முடிகிற இடம்வரை. அங்கேதான் விழுந்து இறந்தான்.

செல்வரத்தினம் அதற்குப் பிறகு பாதுகாப்பான றோட்டொன்றைத் தேடி அலைகிறார். யோகமலருக்குப் பாதுகாப்பு வேண்டாம். ஒரு கதவு வேண்டும். இன்னொரு தரம் தட்டினால் திறப்பேன் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் தனக்குள் சத்தியம் செய்திருந்தாள். ஆர் தட்டினாலும். கத்தியோடு வந்தவனானாலும்.

மறுபடி தட்டும் சத்தம். இப்போது கொஞ்சம் கிட்ட.

அவள் எழும்பி ஜன்னலோரம் போனாள். எதிர் வரிசையில் இன்னொரு வீடு இருண்டது. அதற்கடுத்ததும். ஒவ்வொரு தரமும் முதலில் உள்ளங்கைச் சத்தம், பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு இருட்டு. உள்ளே நிலத்தில் குந்தியிருப்பவர்களின் முழங்கால்கள்கூட அவளுடைய மனக்கண்ணில் தெரிந்தன. தட்டுகிறவனைத்தான் தெரியவில்லை, மரங்களும் நிறுத்திய வான்களும் மறைத்தன. வெங்காய மணம் போய்விட்டது. ஈரக் கம்பளி மணம் மட்டும் நின்றது. அதோடு இரும்பு மணம்.

போன் அதிர்ந்தது. செல்வரத்தினம்.

"மலர், லைற் போட்டிருக்கிறியோ?"

"ஓம்."

"நூர். ஆரோ ஒருத்தன் வீடு வீடாத் தட்டிக்கொண்டு வாறான். ஹூடி போட்ட பொடியன். நடை சரியில்லை, குடியோ போதைத் தூளோ தெரியாது. வயித்தோட என்னத்தையோ ஒளிச்சுப் பிடிச்சுக்கொண்டு வாறான்."

"ஒளிச்சுப் பிடிக்கேல்லையப்பா," என்றாள். "பொத்திப் பிடிச்சிருக்கிறான்."

"என்ன சொல்லுறாய்? இஞ்ச பார், இந்த றோட்டும் சரிவராது. நாங்கள் வேற பாப்பம். நீ சத்தம் போடாமல் இரு. அவன் போனாப் பிறகு நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

பக்கத்து வீட்டில் தட்டினான். சுவர் வழியாகவே கேட்டது. வெங்காயம் பொரித்த வீடு. உள்ளே ஒரு பெண் பிள்ளைகளை உஸ்ஸென்று அடக்கினாள். தமிழில். சுவிட்ச் சொடுக்கியது.

கேற் கிரீச்சிட்டது.

இந்த வீட்டுக் கேற்.

"மலர்," போனில் குரல் இரகசியமாகிவிட்டது. "உன்ர வாசலுக்கு வாறான். திறந்திடாதை. கேக்குதோ? திறந்திடாதை."

உள்ளங்கை. கதவில். மெல்ல.

அவளுடைய கை சுவிட்சுக்குப் போனது. அவளைக் கேட்காமலே போனது. விரல் அதில் பட்டது. பட்டதை அவள் கண்டாள். கையைப் பிடுங்கி எடுத்தாள். நடந்தாள். சங்கிலி. பூட்டு.

திறந்தாள்.

கறுப்பு ஹூடி. தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னத்தில் அதே சின்னத் தழும்பு. அவளுடைய பிள்ளை. அவளுக்குப் பின்னாலிருந்த வெளிச்சம் முகத்தில் பட, கண்ணைச் சுருக்கி, வந்த விருந்தாளிக்குச் சிரிப்பது போல மரியாதையாகச் சிரிக்கப் பார்த்தான். ஒரு வருடமாக அவள் ஏங்கிய முகம். அது அவளைத் தெரியாத முகமாக இருந்தது.

"சொறி ஆன்ரி," என்றான். குரலில்லை, மூச்சு மட்டும். "என்ர அம்மாவுக்கு ஒருக்காக் கோல் பண்ணுவீங்களோ? அவ வீட்டிலதான் இருக்கிறா. ஏனெண்டு தெரியேல்லை. திறக்கிறா இல்லை."

"யது. ராசா. நான்தானடா. அம்மாடா."

அவன் கவனமாகக் கேட்டான். கோயிலில் யாரோ ஆன்ரி பேசும்போது கேட்பானே, அப்படி. பிறகு அவளைத் தாண்டி வெறும் அறையை எட்டிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"பரவாயில்லை ஆன்ரி. நான் அடுத்த வீட்டில கேக்கிறன்."

திரும்பினான். அவள் அவனுடைய சட்டையைப் பிடித்தாள். துணி கையில் இருந்தது, ஈரமாக, சூடாக. பிறகு இல்லை. கை சிவந்திருந்தது. அவன் கேற்றைத் தாண்டிவிட்டான்.

வெறுங்காலோடு ஓடினாள். ஓட ஓட அவன் அதே தூரத்தில் நடந்தான். தள்ளாடி. அவசரமில்லாமல். அடுத்த வீடு. இருட்டு. அதற்கடுத்தது. இருட்டு. வீடுகள் முடிந்தன. அதற்கப்பால் ஒரு கார்தான் நின்றது. அவர்களுடைய கார்.

கண்ணாடிக்குப் பின்னால் செல்வரத்தினத்தின் முகத்தைப் போன் வெளிச்சம் காட்டியது. பிள்ளை குனிந்து அந்த முகத்தைப் பார்த்தான்.

"திறவுங்கோ!" அவள் கையிலிருந்த போனுக்குள் கத்தினாள். றோட்டே கிழியக் கத்தினாள். "இஞ்சருங்கோ, திறவுங்கோ! எங்கட பிள்ளை! எங்கட யது!"

போனில் அவருடைய மூச்சு கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் மூச்சை அடக்கிவிட்டார். காரின் நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. போன் வெளிச்சம் அணைந்தது.

இருட்டுக்குள் யது கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான், உள்ளே இருப்பவரைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்பதுபோல, மெல்ல.