சாம்பல் பாம்பின் கழுத்து

சாம்பல் பாம்பின் கழுத்தில் சிவப்பாக ஒரு செதில் இருந்தது. இருக்கக் கூடாத செதில்.

வீட்டில் வளர்க்கிற, விஷமில்லாத சோளப் பாம்பு என்றாலே செம்மஞ்சள்தான். ஆனால் ரோண்டா தன் மகள் கோராவுக்காகப் பாம்பு விற்கும் வெர்ஜிலிடம் வாங்கிய குட்டி வேறு வகை. உடம்பில் சிவப்பே ஊறாதது. வளர வளரக் கழுத்தில் கொஞ்சம் மஞ்சள் தட்டும், அவ்வளவுதான் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். தெற்கு ஜார்ஜியாவில் பாம்பு வளர்க்கிறவர்கள் வெர்ஜில் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

பாம்பு மட்டும் என்றால் ரோண்டா விட்டிருப்பாள். கோராவும் அல்லவா வெளுத்துக்கொண்டே வந்தாள். ரத்தத்தில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளையோ பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாள். பாம்பு சட்டை உரிக்கும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் வெளுத்தாள்.

இன்று காலையும் அது சட்டை உரித்திருந்தது.

ரோண்டா போன் செய்தாள். வெர்ஜில் சிரித்தார். "பெட்டிக்குள்ள இருக்கிற பல்பு பொய் சொல்லும் பொண்ணே. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு வா. பக்கத்துல பழுத்த தக்காளி ஒண்ண வச்சுப் படம் எடுத்து அனுப்பு. எது சிவப்பு, எது பல்போட கோளாறுன்னு தெரிஞ்சிரும்."

வெளியே பைன் மரங்களுக்கு மேல் மேகம் கறுத்துத் திரண்டு, சில்வண்டுகள் ஒரேயடியாக வாயடைத்துப் போக, ஏசியின் கரகரப்பும் ஈரமண் வாசனையும் மட்டும் மிஞ்சியிருந்த அந்தப் பிற்பகலில், அவள் பாம்பை ஜன்னல் விளிம்பில் விட்டு, தோட்டத்துத் தக்காளியை அதன் பக்கத்தில் வைத்தாள். தளதளவென்று சிவந்த பழம். பாம்பு தலையைத் திருப்பி அதை நாக்கால் தொட்டது. திரும்பத் திரும்பத் தொட்டது. பாம்பின் கழுத்தையே பார்த்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

போன் அடித்தது. வெர்ஜில் இப்போது சிரிக்கவில்லை.

"ரத்தமா செவந்திருக்கே. நான் குடுத்த குட்டி இதில்லம்மா. ஆமா, தக்காளி வைக்கச் சொன்னா, எதுக்குக் காளானை வச்சிருக்க?"

ரோண்டா ஜன்னலுக்கு ஓடினாள்.

தக்காளி இருந்தது. அடுப்புச் சாம்பலின் நிறத்தில். பாம்பைக் காணோம்.

கோராவின் அறையில் சிரிப்புச் சத்தம்.

கதவு திறந்தே கிடந்தது. கட்டிலில் கோரா. கழுத்தைச் சுற்றிப் பாம்பு. தணல் போல. அறையில் வேறெதிலும் நிறமில்லை. போர்வையில் இல்லை. பொம்மையில் இல்லை.

"அம்மா, பாரேன். எவ்ளோ அழகாயிடுச்சு."

அவள் மூக்கிலிருந்து ஏதோ வழிந்தது. மேலுதட்டைத் தாண்டி, மெதுவாக. சாம்பல் நிறத்தில்.

பாம்பு தலையைத் தூக்கி, நாக்கை நீட்டியது.