கடற்பக்கச் சுவரின் முனகல்

பதினான்காம் மரத்துக் குடியிருப்போர் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐவர். தலைவர் கலியமூர்த்தி, தண்டிலிருந்து புடைத்து வளர்ந்த பலகையின்மேல், கால்மேல் கால் போட்டு. அவருக்கு எதிரே தரையில் ஜெய்னம்பு, முறம் நிறைய முருங்கைக்கீரையோடு. குழல்நெறி அலுவலகத்துப் பொறியாளர் திருவேணி, முக்காலியில், கடற்பக்கச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தபடி. செயலாளர் பிலோமினா, மேசை முன், அடிக்கோலும் தாளுமாக. அவளுடைய தம்பி சவரி, சக்கர நாற்காலியில், வாசலை ஒட்டி. உள்ளே வாடா என்று எத்தனை முறை கூப்பிட்டும் அவன் நகரவில்லை.

கடற்பக்கச் சுவர் நீளமாக ஒரு முறை முனகியது.

"கேட்டீங்கல்ல? பொழுதுக்கும் இதே பாட்டுதான்" என்றார் கலியமூர்த்தி.

"பாட்டு போனாப் போவுது. எங்க அடுப்படி ஜன்னல் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. தெருவுல போறவன்லாம் வீடு தன்னப் பார்த்துக் கண்ணடிக்கிதுன்னு திரும்பிப் பார்க்கிறான்" என்றாள் ஜெய்னம்பு.

சிரிக்காமல் இருந்தவள் திருவேணி மட்டும்தான். "முனகல் நல்லதுங்க. மரத்துக்கு இப்பத்தான் காது கேட்க ஆரம்பிச்சிருக்கு."

கரையோரத்து வளர்மனைகள் எல்லாமே இந்த அத்தி மரத்தைப் போலத்தான். யாரும் கட்டியதல்ல, வளர்த்தது. செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும், அதன் சுவரை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஓடுகின்றன. அவை எந்தத் திசையில் அடுக்கி நிற்கின்றனவோ அந்தத் திசையில்தான் சுவருக்கு நார் நெய்யப்படும். காற்று தள்ளினாலும், வெளிச்சம் இடம் மாறினாலும், உள்ளேயே ஊறும் சாறு ஒரு சேதி கொண்டுவந்தாலும் குழல்கள் கலைந்து வேறு திசையில் கூடிக்கொள்ளும். இழுவிசை எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே நார் விழும். மரம் பலப்படும் வித்தை அவ்வளவுதான். தெருமுனையில் நிற்கும் குழல்நெறிப்பான், வேர்வழியாக அதிர்வு அனுப்பி, அந்தக் குழல்களுக்குக் கட்டளையிட்டது. சுவர் எழு என்றால் எழுந்தது. வாசல் விடு என்றால் விட்டது.

குடிவந்த புதிதில் ஒவ்வொரு காற்றுக்கும் மரம் தன் பங்குக்குக் கொஞ்சம் திருகிக்கொண்டது. கதவு பிடித்தது, அலமாரி சாய்ந்தது. குடியிருந்தவர்கள் மனுப் போட்டார்கள். அலுவலகம் 'அசையாநெறி' என்றொரு கட்டளையைச் சேர்த்தது. அதற்கு மேல் எந்தக் காற்றும் குழல்களை எட்டவில்லை. இருபது ஆண்டுகள் கதவுகள் வெண்ணெயாய்த் திறந்தன. அந்த இருபது ஆண்டுகளில் கடற்பக்கச் சுவர் ஒரு நூல்கூடத் தடிக்கவில்லை.

"வேர்ல உப்பேறி நெறிப்பானோட வீச்சு குறைஞ்சிடுச்சு. அதனாலதான் மரம் காத்தைக் கேக்குது, சுவரைத் தடிமனாக்குது" என்றாள் திருவேணி. "இப்படியே விட்டா மூணு வருஷத்துல எந்தப் புயலையும் தாங்கும். வீச்சைப் பழையபடி கூட்டினா, ஒரு பெரும்புயல் போதும்."

"இந்த ஐப்பசிக்குள்ள தேறுமா?" என்று கேட்டாள் பிலோமினா.

"முழுசாத் தேறாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கூட்டினா அதுவும் இல்ல."

மூன்று வீட்டுக்கும் மரம் ஒன்று, வேர் ஒன்று. அதனால் வீச்சைக் கூட்டச் சொல்லி மனுப் போட மூன்று வீட்டுக் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மனு செல்லாது. கலியமூர்த்தியும் ஜெய்னம்பும் கையெழுத்துப் போடத் தாளின்மேல் கண்ணாக இருந்தார்கள். பிலோமினா பேனாவை மூடினாள்.

"நான் போடல. வீடு கோணினா கோணிட்டுப் போவட்டும். நிக்கட்டும்."

"அக்கா" என்றான் சவரி.

போன மாதம் அவள் சந்தையிலிருந்து திரும்பியபோது வாசல் ஒரு சாண் சுருங்கியிருந்தது. கதவு நெரிந்து, அசையவில்லை. உள்ளேயிருந்து அவன் கூப்பிட்ட குரல் தெருமுனைவரை கேட்டது. கலியமூர்த்தியும் இன்னும் நாலு பேரும் தோள் கொடுத்து அவனைப் பிடுங்கி எடுத்தபோது அவன் நகங்களில் ரத்தம்.

"வாசலை வெட்டி அகலமாக்க முடியாதாம்மா?" என்றாள் ஜெய்னம்பு.

"வெட்டினா காயத்தைச் சுத்தித்தான் குழல் வளையமா அடுக்கும். இன்னும் வேகமா மூடும்" என்றாள் திருவேணி.

"மூணு வருஷம் நாங்க ரெண்டு பேரும் வேற எங்கயாவது..." என்று தொடங்கினாள் பிலோமினா.

"எங்க போறது, அக்கா? கரை முழுக்க இதே மரம்தான்." சவரியின் கை வாசல் விளிம்பைப் பிடித்திருந்தது. "புயல் வந்தா எல்லாரும் சேர்ந்து போவோம். கதவு அடைச்சா நான் மட்டும்."

ஜெய்னம்பு கீரைக்காம்பைக் கிள்ளுவதை நிறுத்தியிருந்தாள்.

பிலோமினா தாளை இழுத்து, பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கப்படி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒழுங்காக எழுதினாள். 'ஐயா, எங்கள் மரம் சில காலமாக முனகுகிறது. வாசல்கள் சுருங்குகின்றன. நெறியின் வீச்சைக் கூட்டி, மரம் காற்றை உணராதபடி செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' அடியில் கோடு கிழித்தாள். அந்தக் கோட்டின்மேல் மூன்று கையெழுத்தும், துளி பிசகாமல், ஒரே திசையில் படுத்தன.

திருவேணி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "உத்தரவு வந்தா கூட்ட வேண்டியது நான்தான்" என்று மட்டும் சொன்னாள்.

உறையை ஒட்டப் பசை இல்லை. பிலோமினா கடற்பக்கச் சுவரில் ஊசியால் குத்தினாள். பால் சொட்டியது. அந்தச் சுவரில் இவ்வளவு கெட்டியான பாலை அவள் கண்டதில்லை. தொட்ட விரல் உடனே ஒட்டிக்கொண்டது. மடிப்பில் தடவி, கட்டைவிரலால் அழுத்தி மூடினாள்.

வாசலில் அஞ்சல்தட்டான் நான்கு சிறகும் விரித்துக் காத்திருந்தது. அதன் காலிடுக்கில் உறையைச் செருகினாள். எழும்பியதுமே கடற்காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. தட்டான் காற்றின் பக்கம் உடலைச் சாய்த்து, சிறகைத் திருப்பி, நிலைகொண்டு, அலுவலகம் இருந்த திசையில் நேராகப் பறந்துபோயிற்று.