பாவு அறுந்த தெரு

“அங்கியே நில்லுங்க… ரிக்‌ஷா உள்ள வரக் கூடாது.”

அமலி குரல் வந்த பக்கம் திரும்பினாள். மூக்குக் கண்ணாடியில் தூறல் விழுந்திருந்தது. அதன் வழியே எதிரில் நின்றவன் துண்டு துண்டாகத் தெரிந்தான். நல்ல உயரம்… முழங்கை வரை கஞ்சி… அப்புறம் அந்தக் கண்கள். அதட்டிய குரலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அவை கெஞ்சின.

அவனுக்குப் பின்னால், தெரு முழுவதும் மாம்பழ நிறத்தில் பட்டு ஓடியது.

சேலையில் நீளவாக்கில் போகும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன் அத்தனை இழைகளையும் தெருவில் இழுத்துக் கட்டுவார்கள். மெல்லிய கஞ்சி தெளித்து, விரலால் நீவிப் பிரித்து, அறுந்த இழையைத் தேடி முடிந்து, பிறகு உருளையில் சுற்றுவார்கள். அவ்வளவு நீளத்துக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. அதனால் ஆரணியில் காலை வேளைகளில் தெருவே பட்டறை ஆகிவிடும். கட்டிய பாவு விறைப்பாகவே இருக்க வேண்டும். பாதியில் தளர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மழை பட்டாலும் வீண். தாண்டுவதோ, பேச்சுக்கே இடமில்லை.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி. தெருவின் ஆண்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் நின்று அவசர அவசரமாக நீவிக்கொண்டிருந்தார்கள்.

“ஆஸ்பத்திரியில இருந்து வரேன். அவசரம்” என்றாள் அமலி.

“பின்னாடி சந்து இருக்குதுங்க. நடந்து போயிடலாம். மழைக்கு முன்னாடி இத சுத்தணும்… கோச்சிக்காதீங்க.”

“ஒரு உயிர் போனா உங்க பாவு திருப்பிக் குடுக்குமா?”

கேட்ட பிறகுதான் வார்த்தையின் சூடு அவளுக்கே உறைத்தது. அவன் முகம் வெளுத்தது. பதிலை எதிர்பார்க்காமல் அவள் பையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். ரிக்‌ஷாக்காரன் தங்கவேலு அங்கேயே நின்றுகொண்டான்.

கோபத்தில் அவள் நடப்பதாக அந்த உயரமானவன் நினைத்திருப்பான். உண்மையில் அவள் பயத்தில் நடந்தாள். மாதாவே… ரத்தமாக மட்டும் இருக்கக் கூடாது…

பிரசவம் என்றாலே அமலிக்கு உள்ளங்கை வேர்க்கும். வேலூரில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, பிள்ளை பெற்ற ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. பெரிய டாக்டர் ஓடி வந்தார், எல்லாம் செய்தார். பிழைக்கவில்லை. அன்றைக்கு அமலியின் விரல்களைப் பிடித்திருந்த கை மெல்ல மெல்லக் குளிர்ந்தது… அந்தக் குளிர் அவள் விரலை விட்டுப் போகவே இல்லை.

அவளோடு படித்தவர்கள் பலர் மேற்படிப்புக்கு மகப்பேறு மருத்துவத்தையே எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம். ஒருத்தியின் அம்மா நர்சிங் ஹோம் வைத்திருந்தாள். இன்னொருத்திக்கு, கத்தியும் பிடிக்கலாம் மருந்தும் கொடுக்கலாம் என்ற ஆசை. ஆஸ்பத்திரியிலேயே ஜனங்கள் சிரித்துக்கொண்டு வீடு திரும்பும் வார்டு அது ஒன்றுதான் என்றாள் மற்றொருத்தி. பெண் டாக்டர் என்றால் வேறு எதைக் கொடுப்பார்கள் என்று சலித்துக்கொண்டவளும் உண்டு. அமலி எதையும் காதில் வாங்கவில்லை. கண் மருத்துவம் என்று முடிவு செய்துவிட்டாள். கண்ணில் அவ்வளவு ரத்தம் கிடையாது. அடுத்த வாரம் மெட்ராஸில் தேர்வுக் குழு முன்னால் போய் அதைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் இது. பெரிய டாக்டரம்மா லீவு. கோடி வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு லேசான மயக்கம் என்று ஆள் வந்து சொன்னதும் அவள்தான் வர வேண்டியிருந்தது.

லேசான மயக்கம் இல்லை. பின்வாசல் வழியாக நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. பாயில் கிடந்த தேவகியின் உதடு சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. அடியில் மடித்துப் போட்டிருந்த பழஞ்சேலைகள் எல்லாம் நனைந்திருந்தன. நாடி விரலுக்கு எட்டாமல் ஓடியது.

எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டாள். தேவகியின் அம்மா ரங்கம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். குழந்தை விடிந்ததுமே பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லைதான். ஆனால் வெளியே பாவு விரித்திருக்கிறது, மழை வேறு வருகிறது. சொன்னால் தேவகியின் தம்பி அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவான். அதனால் பாவு சுற்றி முடியட்டும் என்று பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சுகப்பிரசவம் என்று மட்டும் வாசலுக்குச் சேதி போயிருந்தது. மயக்கம் வந்த பிறகுதான் பின்சந்து வழியாக ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார்கள்.

கையைத் தேவகியின் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டே, “நஞ்சுக்கொடி எங்கே?” என்றாள் அமலி.

புதைப்பதற்காக மண்சட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். மருத்துவச்சி கொண்டுவந்து காட்டினாள். வேறு டாக்டராக இருந்தால் ஒரு பார்வையோடு விட்டிருக்கலாம். ஆனால் வேலூரில் அந்தப் பெண் போன நாளிலிருந்து, அமலியிடம் பயம் ஒரு வழக்கத்தை விட்டுப் போயிருந்தது. எந்தப் பிரசவமானாலும் நஞ்சைத் தண்ணீரில் அலசி, தட்டில் விரித்து, விரலால் தடவிப் பார்ப்பாள். மற்ற டாக்டர்கள் கேலி செய்வார்கள். அவள் விடுவதில்லை. இப்போதும் விரித்தாள்.

தாயின் பக்கம் ஒட்டியிருக்கும் முகம், கல் பாவிய தரை மாதிரி சிறு சிறு மேடுகளாக நெருங்கி இருக்கும். அவள் விரல் மேடு மேடாக நகர்ந்தது… ஓரத்தில் ஒரு பள்ளம். ஒரு கல் பெயர்ந்த இடம்.

துண்டு உள்ளேயே இருக்கிறது.

கருப்பையின் சதை பின்னல் போட்டது போல இருக்கும். அந்தப் பின்னலின் இடுக்குகள் வழியாகத்தான் ரத்தக் குழாய்கள் போகின்றன. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்ததும் சதை இறுகும். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போல அத்தனை குழாய்களின் வாயும் மூடிக்கொள்ளும். வேறு எந்தக் கட்டும் தேவையில்லை. ஆனால் உள்ளே ஒரு துண்டு தங்கிவிட்டால், கல் தடுக்கிய கதவு போல அதனால் முழுதாக மூட முடியாது. வெளியிலிருந்து கையால் பிசைந்து கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கலாம். துண்டை எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும்.

ஊசி போட்டாள். ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி, “ரிக்‌ஷாவ வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க” என்றாள்.

“பாவு இருக்குதேம்மா…” என்றாள் ரங்கம்மாள். சந்தில் வண்டி நுழையாது; தூக்கிக்கொண்டு நடந்தால் அமலி அழுத்திய கையை எடுக்க வேண்டி வரும்.

பேச்சுச் சத்தம் கேட்டு வாசலில் ஒருவன் எட்டிப் பார்த்தான். அதே கண்கள். அவை பாயையும், துணிகளையும், தேவகியின் உதட்டையும் பார்த்தன. கடைசியாக அமலியின் முகத்தில் வந்து நின்றன.

“அக்கா…” என்றான் பலராமன்.

அமலியால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அவன் சுவரில் செருகியிருந்த சூரிக்கத்தியை உருவிக்கொண்டு வெளியே பாய்ந்தான். யாரோ “டேய், வேணாண்டா” என்றார்கள். அடுத்த நொடி, மழை இறங்குவது போல ஒரு சத்தம். விறைப்பாக நின்ற அத்தனை இழைகளும் நடுவில் அறுந்து, தெருவின் இரண்டு பக்கமும் சுருண்டு விழுந்தன.

தங்கவேலு வண்டியை உள்ளே விட்டான். தேவகியை அமலியின் மடியில் கிடத்தினார்கள். அவள் கையை எடுக்கவே இல்லை. பலராமன் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். “ஜல்தி போண்ணே… ஜல்தி போ…” சக்கரத்தில் மாம்பழ நிற இழை சுற்றிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, அமலி அந்தத் துண்டை எடுத்தாள். சிறிது நேரத்தில் உள்ளங்கைக்குக் கீழே கருப்பை கல் போல இறுகுவதை உணர்ந்தாள். ரத்தம் நின்றது. நர்ஸ் ஜெபராணி மெதுவாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வெளியே, அக்காவின் கையில் குளுக்கோஸ் ஊசி ஏறியதைப் பார்த்த பலராமன் சுவரோடு சாய்ந்து மயங்கிக் கிடந்தான்.

அவன் கண் விழித்தபோது எதிரே அமலி நின்றாள்.

“தெருவையே வெட்டினீங்க. ஒரு ஊசிக்கா இப்படி?”

“கத்தி நம்ம கையில இருந்தா பயமில்லீங்க… ஊசி உங்க கையிலதானே இருந்துச்சு.”

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு அக்காவுக்கு இட்லியும் ரசமும் கொண்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு அவன் தினமும் வந்தான். அமலி சுற்று வரும் நேரத்துக்குத்தான் அந்த ரசம் சூடாக இருந்தது. ரங்கம்மாள் அழுத அழுகை, குழந்தையின் தும்மல், தெருவில் பேசிக்கொள்வது எல்லாவற்றையும் சொல்வான். அவள் கேட்காதது போல நின்று எல்லாவற்றையும் கேட்பாள். அவன் கண்களைப் பார்க்காமல் இருக்க ஸ்டெதாஸ்கோப்பைச் சரி செய்துகொண்டே இருப்பாள்.

ஒரு காலை, அவன் பக்கத்துக் கட்டில்காரியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“எங்க டாக்டரம்மாவுக்குப் பயம்னா இன்னான்னே தெரியாது. பிரசவத்துக்குப் பெரிய டாக்டரா வரப் போறாங்க, பாத்துக்கினே இருங்க.”

அமலிக்குச் சுருக்கென்றது. வேறு யாரையோ அல்லவா இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்… இல்லாத ஒருத்தியை…

“என்னப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? தெரியாதத ஊருக்கெல்லாம் சொல்லிகினு திரியாதீங்க.”

பலராமன் தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். “தப்புதாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ரங்கம்மாள்தான் ரசம் கொண்டு வந்தாள். அவனைப் பற்றிக் கேட்க அமலியின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சுற்று வரும்போது வாசலை மட்டும் பார்த்தாள்… இரண்டு தடவை… மூன்று தடவை…

தேவகி வீடு திரும்பிய பிறகு, மெட்ராஸ் போகும் நாள் வந்தது. பஸ் நிலையத்தில் மழை கொட்டியது. டீக்கடைத் தகரக் கூரையின் கீழே பெட்டியோடு ஒதுங்கி நின்றாள். கண் மருத்துவம். சொல்லிவிட்டால் முடிந்தது. இனி எந்தக் கையும் அவள் விரலில் குளிராது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே… பார்வை ஏன் மறுபடி மறுபடி தெருப்பக்கமே போகிறது?

மழையைக் கிழித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்து நின்றது.

“அக்கா சொல்லிச்சு… போறீங்கன்னு.” நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. “கோபமா இருக்கீங்களா?”

“நீங்கதான் வரதையே விட்டுட்டீங்க.”

அவன் விரல்களை நீட்டினான். நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தன. மழைக்கு முன் தெருக்காரர்கள் வாரி எடுத்திருந்த, அறுந்த பாவின் இரண்டு பாதியையும் தறிக்கு முன்னால் வைத்து, இழைக்கு இழை தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தானாம். எழுந்து வர முடியவில்லை. எழுந்து வர முகமும் இல்லை.

அந்த விரல்களைப் பார்த்ததும் அமலியின் பிடிவாதம் கரைந்தது. சொல்லிவிட வேண்டும். இல்லாத ஒருத்தியை அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரியக் கூடாது.

“நீங்க நெனைக்கிற மாதிரி நான் தைரியசாலி இல்ல. பிரசவம்னா எனக்கு நடுக்கம். உங்க வீட்டுல நின்னப்ப எனக்குப் பேச்சே வரல. அதுக்குப் பயந்துதான் கண்ணு டாக்டருக்குப் படிக்கப் போறேன். இப்ப தெரிஞ்சுக்குங்க.”

அவன் ஆச்சரியப்படவில்லை.

“அது எனக்கு அன்னைக்கே தெரியுங்க.”

“இன்னா தெரியும்?”

“பயந்தீங்கன்னு. வார்டுல சும்மா பெருமைக்குச் சொன்னேன். அன்னைக்கு நான் எட்டிப் பாத்தப்ப, அம்மா ஒண்ணுமில்லன்னு சொல்ற மாதிரி நின்னாங்க. அக்கா கண்ணு மூடி கெடந்துச்சு. நான் உங்க மூஞ்சத்தான் பாத்தேன். டாக்டரே இப்படி பயந்து நிக்கிறாங்கன்னா, அக்கா போவப் போவுதுன்னு புரிஞ்சுச்சு. அதனாலதான் கத்திய எடுத்தேன். நீங்க தைரியமா, சிரிச்ச மூஞ்சியா நின்னிருந்தா… பாவு சுத்தினப்புறம் போலாம்னு நானும்தான் சொல்லியிருப்பேன்.”

மழைச் சத்தம் ஒரு நொடி நின்றது போலிருந்தது அமலிக்கு. தட்டில் விரித்த நஞ்சில் விரல் தடவிய அந்தப் பள்ளம் நினைவுக்கு வந்தது. பயம்தான் அங்கே விரலைக் கொண்டுபோனது. பயம்தான் கத்தியையும் எடுக்க வைத்தது. அவள் இத்தனை நாள் எதைக் கழற்றி எறிய ஓடிக்கொண்டிருந்தாளோ, அதுதான் ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்திருக்கிறது. பயம் போகாது. போகவும் வேண்டாம். அதைக் கூடவே அழைத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழையலாம்.

மெட்ராஸ் பஸ் வந்து உறுமியது. கண்டக்டர் பெயர் பெயராக ஊர்களைக் கூவினார்.

“அங்க போய் கண்ணுன்னு சொல்ல மாட்டேன். பிரசவம்னே சொல்லப் போறேன்” என்றாள் அமலி. “அந்தப் பாவு… சேலையாகுமா?”

“ஆவும். ஆனா நடுவுல முடிச்சு முடிச்சா தெரியும். யாரும் வாங்க மாட்டாங்க.”

“எனக்குக் குடுங்க.”

பலராமன் தரையைப் பார்த்தான். காது நுனி சிவந்தது. “அத… சும்மா குடுக்க முடியாதுங்க. எங்கம்மா தட்டுல வெச்சு, உங்க வீட்டுக்கு வந்து, உங்க அப்பாகிட்ட கேட்டுத்தான் குடுக்கணும். எனக்கு உங்கள… அவ்ளோ பிடிச்சிருக்கு. சொல்லவே பயமா இருந்துச்சு.”

அமலியின் அப்பா கண்ணமங்கலத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசையில் உட்காருகிறவர். ஒரு நெசவுக்காரப் பையன், அதுவும் வேறு சாமி கும்பிடுகிறவன், வாசலில் தட்டோடு வந்து நின்றால் என்ன ஆகும்… நினைக்கும்போதே அவள் உள்ளங்கை வேர்த்தது.

பெட்டியைத் தூக்க அவன் கை நீட்டினான். அவள் பெட்டியை விட்டுவிட்டு, தோல் உரிந்த அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மழையில் இவ்வளவு நனைந்தும் அவை சூடாக இருந்தன.

“எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு” என்றாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு… வாங்க. அம்மாவோட வாங்க.”