புகை வராத தெரு

அந்த வாரமும் கொசுவுக்குப் புகையடிக்கும் ஊர்தி ஏரிச்சாலையோடு திரும்பிவிட்டது. பிரசன்னா வாசலில் நின்று அதன் பச்சை விளக்கு மறையும்வரை பார்த்தான். உள்ளே அவன் மனைவி ஹரிணி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

மலை சூடேறி, கொடைக்கானலிலும் கொசுக்காய்ச்சல் குடியேறிவிட்ட காலம் அது. கொசுவைக் கொல்லும் புகைமருந்தோ கொஞ்சம், தெருக்களோ அதிகம். எந்தத் தெரு நோயில் படுத்தால் நாட்டுக்கு நட்டம் அதிகம் என்று இழப்புமானி என்ற அரசாங்க இயந்திரம் கணித்துச் சொல்லும். ஊர்தி அங்கேதான் முதலில் போகும். அதற்காக இழப்புமானி ஆண்டுதோறும் வீட்டுச் சுவர்ப்பேசியில் வந்து, யார் யாருக்கு என்ன வேலை என்று விசாரிக்கும். விடுதிகள் நிறைந்த ஏரிச்சாலைக்குக் கேட்பானேன்!

ஹரிணி பிழைக்கவில்லை. மகராசி, நினைவு தப்புவதற்கு முன்புகூட, "மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்குங்க, பாப்பாவுக்கு ஊத்திக் குடுத்துருங்க" என்றுதான் சொன்னாள்.

காரியம் முடிந்த மறுநாள் சுவர்ப்பேசி ஒலித்தது.

"இறந்தவர் வீட்டில் சும்மா இருந்தவர். இழப்பு ஏதுமில்லை. சரிதானே?"

அப்படிச் சொன்னவன் பிரசன்னாதான். "அவ வீட்ல சும்மாதான் இருக்கா" என்று போன விசாரிப்பின்போது சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். வேறெப்படிச் சொல்வார்கள்?

"ஐயோ, சும்மா இல்லீங்க!" குரல் உடைந்தது. "படுத்த படுக்கையா கெடக்குற எங்கப்பாவத் தூக்கித் தொடச்சது அவ. வேளாவேளைக்குப் பொங்கிப் போட்டது அவ. என் டாக்ஸிக்குப் போன்லயே சவாரி புடிச்சுக் குடுத்ததும் அவதான். அவ படுத்ததுல இருந்து நான் வண்டியவே எடுக்கலைங்க."

இழப்புமானி தெருக்கணக்கைத் திரும்பப் போட்டது.

"திருத்தம் ஏற்கப்பட்டது. எல்லா வீட்டுக்கும் இதைச் சேர்த்தால் உங்கள் தெரு ஏரிச்சாலையை முந்துகிறது. நாளை ஊர்தி வரும். முன்பே சொல்லியிருந்தால் முன்பே வந்திருக்கும்."

பிரசன்னா தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுது ஓயும்வரை காத்திருந்து அது மறுபடி கேட்டது.

"அந்த வேலைகளை இப்போது செய்பவர்?"

பிரசன்னா திரும்பிப் பார்த்தான். காய்ச்சலால் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. தாத்தாவின் ஈரத்துணிகளை இடுப்பில் அணைத்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னையவா கேக்குது?" என்றாள் பாப்பா. "நான் சும்மாதானப்பா இருக்கேன்."