இஸ்திரி மாமா யார்?

பட்டாணிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அத்தை. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக, உருண்டையாக இருந்தாளாம். இப்போது அவளுக்குப் பதினோரு வயது. வகுப்பிலேயே உயரமானவள் அவள்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மாதம் பாட்டு டீச்சர் ஆறாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். மூன்று மூன்று பேராகச் சேர வேண்டும். சொந்தமாக ஒரு பாட்டுக் கட்ட வேண்டும். அதைப் படம் பிடித்து, மூன்று நிமிட வீடியோவாகக் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளி அரங்கில், பெரிய திரையில், எல்லா வகுப்பும் உட்கார்ந்து பார்க்கும்.

பட்டாணியின் குழுவில் கீச்சும் டப்பாவும் இருந்தார்கள். கீச்சுதான் பாடுபவள். அவள் குரல் மேலே ஏறினால் தெருவில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். டப்பாவுக்குக் கையில் எது கிடைத்தாலும் தாளம்தான். சாப்பாட்டு டப்பா, பெஞ்சு, பக்கத்தில் இருப்பவன் முதுகு, எதையும் விடமாட்டான். படம் பிடிப்பதும் அதை வெட்டி ஒட்டுவதும் பட்டாணியின் வேலை. அம்மாவின் பழைய செல்போன் அவளிடம்தான் இருந்தது.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தைப் பற்றி மூவரும் பாட்டுக் கட்டினார்கள்.

சீப்பைக் காணோம், சாக்ஸைக் காணோம்,
சீக்கிரம் சீக்கிரம் மணி எட்டு!
பாலும் ஆறுது, பையும் கனக்குது,
பஸ்ஸும் வருது, கைதட்டு!

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாணியின் வீட்டுக் கூடத்தில் படம் பிடித்தார்கள். அவளுடைய அப்பா அதே பள்ளியில் கணக்கு சார். பள்ளியில் அவர் நடந்து வந்தால் தாழ்வாரமே அமைதியாகிவிடும். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. படப்பிடிப்பு முடியும்வரை கூடத்துக்கு வர வேண்டாம் என்று பட்டாணி கேட்டுக்கொண்டதும், அவர் தலையாட்டிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் பட்டாணி மொட்டை மாடிக்குப் போய் மேகங்களைப் படம் பிடித்தாள். வெயிலில் மூக்கு சிவக்கச் சிவக்கக் காத்திருந்து, வெள்ளை மேகம் ஒன்று மெதுவாக உருண்டு போவதை நாற்பது விநாடி எடுத்தாள். வீடியோவிலேயே அழகான இடம் அதுதான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை டீச்சர் ஒவ்வொரு குழுவுக்கும் பன்னிரண்டு காகிதச் சீட்டுகளைக் கொடுத்தார். வீடியோவைப் பன்னிரண்டு பேருக்குக் காட்ட வேண்டும். எது பிடித்தது, எங்கே சலிப்பாக இருந்தது, எது புரியவில்லை என்று அவர்கள் சீட்டில் எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. அவர்கள் பார்க்கும்போது நாம் ஒரு விளக்கமும் சொல்லக் கூடாது.

"வாயைத் திறக்காம இருக்கணுமா?" என்று கீச்சு கேட்டாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாகப் பட்டது.

மறுநாள் மாலை மூவரும் தெருத் தெருவாகப் போனார்கள். முதலில் பள்ளிக்கு எதிரே இருந்த தையல்கடை அக்காவிடம் காட்டினார்கள். பாட்டு தொடங்கியதும் அக்கா சிரித்த முகத்தோடு பார்த்தார். மேகம் வந்தது. அக்கா ஊசியில் நூல் கோத்தார். மேகம் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. அக்கா ஒரு பொத்தானையே தைத்து முடித்துவிட்டார்.

பேக்கரி அண்ணன் மேகம் வந்ததும் அடுப்பைப் பார்க்கப் போனார். சைக்கிள் கடைக்காரர் அண்ணாந்து நிஜ வானத்தைப் பார்த்தார். கீச்சின் ஐந்து வயதுத் தம்பி, "மழை வரப்போகுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

பட்டாணி சும்மா இருக்காமல், யார் யார் எந்த இடத்தில் கண்ணை எடுத்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். இரண்டாவது சரணத்தில் கீச்சு சீப்பைத் தேடிக்கொண்டே பாடுவாள். அந்த இடம் வந்ததும் எல்லாருடைய கண்ணும் கீச்சை விட்டுவிட்டுத் திரையின் இடது ஓரத்துக்குப் போனது. உடனே சிரித்தார்கள். நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் சிரித்ததில் பையிலிருந்த சில்லறையெல்லாம் குலுங்கியது.

வீட்டுக்கு வந்து சீட்டுகளைப் படித்தார்கள். ஏழு சீட்டுகளில் மேகம் நீளம் என்று இருந்தது. ஒன்றில், 'நடுவில் போன் கெட்டுப்போச்சோ என்று நினைத்தேன்' என்று இருந்தது. பத்துச் சீட்டுகளில் ஒரே விஷயம் இருந்தது: 'இஸ்திரி மாமா யார்?'

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போனைக் கண்ணருகே வைத்து அந்த இடத்தை ஓடவிட்டார்கள்.

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு உள்ளே, பனியனும் தலையில் ஈரத் துண்டுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டப்பாவின் தாளத்துக்கு இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடியது. 'கைதட்டு' என்று பாட்டு முடியும் இடத்தில் சட்டையின் இரண்டு கைகளையும் பிடித்து அவர் கைதட்ட வைத்தார்.

டப்பாவின் கை முதல் முறையாகத் தட்டுவதை நிறுத்தியது. "ஏய், இது கணக்கு சாரா?"

கீச்சுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேகத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இஸ்திரி மாமாவையே திரும்பத் திரும்பப் போடலாம் என்றாள். முதுகுதானே தெரிகிறது, முழுக்கைச் சட்டை இல்லாமல் அவரை யார் பார்த்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியப் போவதில்லை என்றாள்.

"எங்கப்பாவுக்குத் தெரியுமே," என்றாள் பட்டாணி. "அவரும்தானே அங்க உட்கார்ந்து பார்க்கப் போறாரு. நான் அவரைக் கேக்கணும்."

அன்று சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் போனை நீட்டினாள். அவர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை பார்த்தார். பிறகு சீட்டுகளைக் கேட்டு வாங்கி, சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு சீட்டில் 'இஸ்த்திரி' என்று இருந்தது. அதிலிருந்த கூடுதல் 'த்'தை அடித்தார்.

"நல்லா எடுத்திருக்கே," என்றார். "ஆனா என்னைப் போட வேண்டாம்மா."

காரணத்தையும் சொன்னார். தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறார். பலகைப் பக்கம் அவர் திரும்பும்போதெல்லாம் அவர்களுக்கு அந்த இடுப்புதான் ஞாபகம் வரும். அப்புறம் பின்னத்தை யார் கவனிப்பார்கள்?

பட்டாணி சரி என்றாள். அவர் எதிரிலேயே அந்தக் காட்சியை வெட்டி எடுத்தாள். கதவு மட்டும் தெரிகிற ஒரு துண்டை அங்கே ஒட்டிவைத்தாள். மேகத்தையும் நீக்கினாள். அதை நீக்க மட்டும் மூன்று முறை விரலைக் கொண்டுபோய்த் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை, பள்ளிக்குள் போகும் முன் தையல்கடை அக்காவிடம் மறுபடி காட்டினார்கள். அக்கா முழுவதும் பார்த்தார். "அந்தச் சட்டைக்காரர் எங்க போனாரு?" என்று கேட்டார். அவர் குரலில், பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று கேட்டவரைப் போல ஓர் ஏமாற்றம் இருந்தது.

கீச்சு அன்று முழுவதும் பட்டாணியோடு பேசவில்லை. டப்பா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மெதுவாக, சோகமாகத் தட்டிக்கொண்டிருந்தான். வீடியோவில் நாற்பது விநாடி ஓட்டை. கையில் இரண்டே நாள்.

மதிய இடைவேளையில் பட்டாணி சீட்டுகளை மறுபடி எடுத்தாள். நேற்று 'இஸ்திரி மாமா யார்?' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குக் கீழே எழுதியிருந்ததை இன்றுதான் பொறுமையாகப் படித்தாள்.

'நானும் பாத்திரம் கழுவும்போது இப்படித்தான்.' 'எங்க சித்தப்பா ஷேவ் பண்ணும்போது இதே மாதிரி ஆடுவார்.' 'எனக்கும் வேலையைப் போட்டுட்டு ஆடணும்போல இருந்துச்சு.'

அவள் சீட்டுகளோடு கீச்சின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இதைப் படி. அவங்க யாரும் எங்கப்பாவைப் பார்த்துச் சிரிக்கலை. தங்களை நினைச்சுத்தான் சிரிச்சிருக்காங்க."

கீச்சு படித்தாள். கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது சீட்டு வந்தபோது கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. "அப்போ அவங்களையே ஆடச் சொல்லலாமே," என்றாள்.

அதைத்தான் பட்டாணியும் நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் மூவரும் ஓடினார்கள். வீடியோவைப் பார்த்த பன்னிரண்டு பேரிடமும் ஆடுவார்களா என்று கேட்டார்கள். முகம் தெரியலாமா, முதுகு போதுமா என்றும் கேட்டார்கள். இரண்டு பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள்.

மற்றவர்கள் அவரவர் வேலையைச் செய்தார்கள், டப்பாவின் தாளத்துக்கு. தையல்கடை அக்கா தன் காலை மட்டும் எடுக்கச் சொன்னார். மிதிபலகையில் அந்தக் கால் குதித்த குதியைப் பார்த்தால் அது தனியாகவே மேடை ஏறிவிடும் போலிருந்தது. பேக்கரி அண்ணன் மாவைத் தூக்கி அடித்தார். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றி, அதோடு தானும் சுழன்றார். பஸ் கண்டக்டர் நின்றிருந்த பஸ்ஸில் ஏறி, காலி இருக்கைகளுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கீச்சின் தம்பி ஒரே சாக்ஸை எட்டு முறை மாட்டிக் கழற்றினான்.

மாலை வெளிச்சம் போவதற்குள் பட்டாணி எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி முடித்தாள். அப்பா பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"இவங்க எல்லாரையும் கேட்டியா?"

"கேட்டேம்பா. ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. விட்டுட்டோம்."

அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இன்னொரு முறை பார்த்தார். எல்லாருக்கும் எட்டு எட்டுத் தட்டு வருகிறது, கடைசி வரிக்கு முன்னால் மட்டும் எட்டுத் தட்டுக்கு வெறும் கதவு தெரிகிறது என்றார். அங்கே என்ன போடுவது என்று தெரியவில்லை என்று பட்டாணி சொன்னாள். அப்பா உள்ளறைக்குப் போனார். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது.

பட்டாணி போய்ப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. அப்பா முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"முதுகு மட்டும் எடுக்கட்டுமாப்பா?"

"கண்டக்டர் முகத்தைக் காட்டியிருக்காரு. எனக்கு மட்டும் என்ன?" என்றார் அவர். "முன்னாடியே நின்னு எடு."

ஆனால் போனைப் பார்த்ததும் அப்பா அளவுகோல் மாதிரி விறைத்துவிட்டார். சதுரத்தின் பரப்பளவை விளக்குகிறவர் போல இஸ்திரி போட்டார். இரண்டாம் முறையும் அப்படியேதான். பட்டாணி போனைப் புத்தக அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினாள்.

அவளுக்குப் பாடவே வராது. 'சீப்பைக் காணோம்' என்று தொடங்கும்போதே சுருதியையும் காணோம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு இடுப்பும் வந்தது. கடைசியில் ஆளுக்கொரு சட்டைக்கையைப் பிடித்துக் கைதட்டினார்கள்.

வேலை முடிந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றவும் மறந்து, முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. அவர்களுடைய வீடியோ ஐந்தாவதாக வந்தது. தையல் மிதிபலகைக்கே சின்ன வகுப்புப் பிள்ளைகள் கால்தட்ட ஆரம்பித்தார்கள். பேக்கரி மாவு, சைக்கிள் சக்கரம், கண்டக்டர் என்று சத்தம் ஏறிக்கொண்டே போனது. அப்போது திரையில் கணக்கு சார் வந்தார்.

அரங்கு மூச்சை நிறுத்தியது. அப்பா உட்கார்ந்திருந்த பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கப் பட்டாணிக்குப் பயமாக இருந்தது.

சார் திரையில் இடுப்பை ஆட்டினார். அவ்வளவுதான். கூரை போய்விட்டது என்றே தோன்றியது. எல்லாரும் சிரித்தார்கள், எழுந்து நின்றார்கள். பாட்டு 'கைதட்டு' என்று முடிந்தபோது முந்நூறு பேரும் சரியாக ஒரே நேரத்தில் தட்டினார்கள். யாரும் கேட்காமலே பாட்டு டீச்சர் வீடியோவை இன்னொரு முறை போட்டார்.

பட்டாணி இப்போது திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலிக்கு அடியில் வலது கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை முதல் பீரியட் கணக்கு. சார் உள்ளே வந்ததும் வகுப்பு எப்போதும் போல அமைதியானது. யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் பயந்ததாகவும் தெரியவில்லை. சார் பலகைப் பக்கம் திரும்பிப் பின்னங்களை எழுதத் தொடங்கினார். சுண்ணக்கட்டி டக் டக் என்று ஒலித்தது. அந்த ஒலியைக் கேட்டு டப்பாவின் விரல்களால் சும்மா இருக்க முடியவில்லை. பெஞ்சின் ஓரத்தில், மிக மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான்.

சார் திரும்பவே இல்லை. எழுதிக்கொண்டே சொன்னார்:

"மூணாவது தட்டு லேட்டா வருது, டப்பா."